கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், பெரியவர்களே

போன வருடம் நான் ஒரு புத்தகத்தைத் தணிக்கை செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, சம்பளமும் கிடையாது. ராத்திரி சாப்பாடு முடிந்து பாயை விரித்து, அக்கா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அஸ்த்ரிட் லிண்ட்கிரன் எழுதிய ‘லயன்ஹார்ட் சகோதரர்கள்’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சில பக்கங்கள் போனதும் கை தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. இங்கே ஒரு வரியை விட்டேன். அங்கே ஒரு வரியைச் சேர்த்தேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்லுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. தீராத நோயோடு சமையலறை சோபாவில் படுத்தே கிடக்கிறான். தையல் வேலை செய்யும் அம்மா வேறு யாரிடமோ பேசுவதைக் கேட்டு, தான் சாகப்போகிறோம் என்று தெரிந்துகொள்கிறான். பதின்மூன்று வயது அண்ணன் யோனத்தானிடம் நேராகக் கேட்கிறான். அண்ணன் மழுப்பவில்லை. சாவுக்கு அப்புறம் போகிற நங்கியாலா என்ற தேசத்தைப் பற்றிச் சொல்கிறான். அதற்குப் பிறகு வீடு தீப்பிடிக்கிறது. யோனத்தான் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு ஜன்னல் வழியே குதிக்கிறான். சாகப்போகிறான் என்று எல்லோரும் நினைத்த தம்பி பிழைத்துக்கொள்கிறான், அண்ணன் செத்துப்போகிறான்.

நான் அவளிடம் சொன்னது இது: “அண்ணனுக்குக் கால்ல நல்ல அடி. ஆஸ்பத்திரில சேத்தாங்க. அங்கேர்ந்து ரொம்ப தூரத்துல இருக்கற ஒரு ஊருக்குப் போயிட்டான்.”

என் அப்பா, அதாவது அவளுடைய தாத்தா, இறந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, தெரியாத வார்த்தையை அம்மாவிடம் கேட்டு அவளே படித்திருக்கிறாள். “மாமா, நீங்க பொய் சொல்லிட்டீங்க. யோனத்தான் செத்துட்டான்.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: “தாத்தா விஷயத்துலயும் எல்லாரும் இப்டித்தான பண்ணீங்க.”

நான் பதில் சொல்லவில்லை. வேறு ஏதோ பேசினேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில் சொல்லாத வாய்க்கு எதிரானது. அந்த வாய் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

*

குழந்தைகளுக்காக எழுதியவர்களை நேசிக்கும் பெரியவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. நானும் அதில் உறுப்பினன்தான். எங்களை எளிதாக அடையாளம் காணலாம். பழைய பதிப்புகளைத் தேடி வாங்கி அட்டை கிழியாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைப்போம். “எனக்குள்ள இருக்கற குழந்தை இன்னும் சாகல” என்போம். வீட்டுக்கு வருகிற நிஜக் குழந்தை அந்த அலமாரியில் கை வைத்தால் மட்டும் “பாத்து, பாத்து, பழைய எடிஷன்” என்று பதறுவோம்.

எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்த எழுத்தாளரைக் காட்டி இன்றைய பிள்ளைகளைத் திட்டுவது. “நாங்கல்லாம் இத எத்தன தடவ படிச்சிருப்போம் தெரியுமா? இப்ப உள்ளதுங்க போன விட்டு நிமிருதா?” இதைச் சொல்லிக்கொண்டே போனை நோண்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு உள்ள புகார் எளிமையானது. ஒரு எழுத்தாளரைப் பிள்ளையோடு சேர்ந்து நேசிப்பதாகச் சொல்லிவிட்டு நாம் பெரும்பாலும் செய்வது, அந்த எழுத்தாளரைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்வது. சிலர் அதை ஏக்கத்தின் பெயரால் செய்கிறார்கள், சிலர் பாதுகாப்பின் பெயரால் செய்கிறார்கள். இரண்டிலும் கதையின் நடு இருக்கையில் பெரியவர்தான் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைக்குக் கிடைப்பது ஓர இடம்.

லிண்ட்கிரனை உதாரணமாக எடுக்க எனக்குக் காரணம் உண்டு. இந்தப் பிடுங்கலுக்கு எதிராகக் கடைசிவரை கறாராக நின்றவர் அவர். அவரையே நாம் இப்படிச் செய்கிறோம் என்றால் மற்றவர்கள் கதி என்ன?

*

“நான் எனக்குள் இருக்கும் குழந்தைக்காகத்தான் எழுதுகிறேன்” என்ற பொருளில் லிண்ட்கிரன் பலமுறை சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் அதை ஒரு லைசென்ஸ் மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டோம். நமக்குள்ளும் ஒரு குழந்தை இருக்கிறது, ஆகவே இந்தப் புத்தகம் நமக்குத்தான் என்று. ஆனால் அந்த அம்மாளுக்குள் இருந்த குழந்தை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

1907-இல் சுவீடனின் ஸ்மாலாந்து பகுதியில், விம்மர்பி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள நேஸ் பண்ணையில் பிறந்தார். இளமை நன்றாகத்தான் போனது. பள்ளி முடித்ததும் உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை. பதினெட்டு வயதில், கல்யாணம் ஆகாமலேயே, அந்தப் பத்திரிகையின் ஆசிரியரால் கர்ப்பமானார். அந்தக் காலத்துச் சிற்றூரில் இதற்கு என்ன பேச்சு பேசியிருப்பார்கள் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரைவிட்டு ஸ்டாக்ஹோம் போனார். 1926 டிசம்பரில் கோபன்ஹேகனில் மகன் லார்ஸ் பிறந்தான். அவனை அங்கேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டு ஸ்டாக்ஹோமில் அலுவலக வேலை பார்த்தார். காசு சேரும்போதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு குழந்தை யாருக்காகவோ காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்கு வெளியிலிருந்து தெரிந்த விஷயமில்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940-இல் சுவீடனின் ரகசியத் தபால் தணிக்கைப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படித்து, ஆபத்தானது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பகலில் கடிதங்கள், வீட்டில் போர் நாட்குறிப்பு. அந்த வருடங்களில்தான், 1941-இல், நுரையீரல் அழற்சியால் படுத்திருந்த மகள் கரின், “பிப்பி லாங்ஸ்ட்ரம்ப் கதை சொல்லு” என்று கேட்டாள். அந்தப் பெயரை அந்த நிமிடத்தில் உண்டாக்கியது கரின்தான். அப்படி ஒரு விசித்திரமான பெயர் இருந்தால் அந்தப் பெண்ணும் விசித்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா கதையைத் தொடங்கினார். 1944-இல் பனியில் வழுக்கிக் கால் சுளுக்கிப் படுத்தபோது அதை எழுதிவைத்து, மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிள்ளை கேட்டது, பெயரும் பிள்ளை கொடுத்தது. தணிக்கை அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த பெரியவர் அதற்குக் கீழ்ப்படிந்தார். உலகம் முழுக்கப் போன ஒரு கதாபாத்திரம் இப்படி இரண்டு பேர் பேச்சில் பிறந்தது. அதில் தணிக்கை அதிகாரிக்கு இடம் இருக்கவில்லை. நான் செய்தது தலைகீழ். கதை கேட்டு வந்த பிள்ளையிடம் அலுவலகத்து வேலையைக் காட்டினேன்.

*

பிப்பியைப் பெரியவர்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதும் பார்க்க வேண்டியதுதான். ஒன்பது வயதுப் பெண். அம்மா இறந்துவிட்டாள், அப்பா கடலில் காணாமல் போய்விட்டார். ஒரு குதிரை, ஒரு குரங்கு, ஒரு பெட்டி நிறையத் தங்கக்காசு ஆகியவற்றோடு தனியாக வாழ்கிறாள். போலீஸ்காரர்களைத் தூக்கி வெளியே வைக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாத்தியாரம்மாவுக்கே பதில் தெரியாதா என்று வியக்கிறாள். கையெழுத்துப் பிரதியை முதலில் போனியர் பதிப்பகத்துக்கு அனுப்பினார் லிண்ட்கிரன். குழந்தைகள் நலத்துறைக்குப் புகார் செய்துவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் கூட ஒரு கிண்டல் வரியும் எழுதியிருந்தார். அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தி எழுதியதை 1945-இல் ராபென் அண்ட் ஷோக்ரென் பதிப்பகம் போட்டியில் தேர்ந்தெடுத்து வெளியிட்டது.

பிள்ளைகள் அள்ளிக்கொண்டார்கள். 1946-இல் பேராசிரியர் யோன் லாண்ட்க்விஸ்ட் ஒரு நாளிதழில் பிப்பியைப் போட்டுத் தாக்கினார். எந்த ஒழுங்கான குழந்தை விருந்துக்குப் போன இடத்தில் முழு கேக்கையும் தின்னும், எந்தக் குழந்தை சர்க்கரையைக் கொட்டி அதன்மேல் வெறுங்காலோடு நடக்கும் என்பது அவர் கேள்வி. இதை இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர் புத்தகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பிப்பி ஆபத்தானவள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அப்புறம் வந்த ரசிகர்களுக்குத்தான் அது புரியாமல் போனது.

2015 முதல் சுவீடனின் 20 குரோனர் நோட்டில் லிண்ட்கிரன் இருக்கிறார். கூடவே பிப்பியும் இருக்கிறாள். போலீஸை விரட்டியவள் ரிசர்வ் வங்கிக்காரர்கள் கைக்கு வந்துவிட்டாள். விம்மர்பியில் அவர் கதைகளுக்கென்றே ஒரு கேளிக்கைப் பூங்காவும் இருக்கிறது. நோட்டும் பூங்காவும் இருக்கட்டும், அன்பில் செய்ததுதான். என் பிரச்சினை என்னவென்றால், பிள்ளைகள் கையிலிருந்து பிப்பியைப் பிடுங்கப் பார்த்த பேராசிரியரும், அவளைத் தேசச் சின்னமாக்கிய ரசிகர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர்கள்தான். பேராசிரியர் அவளுக்குப் பயந்தார். ரசிகர்கள் அந்தப் பயத்தையே மறந்துவிட்டு, “எவ்ளோ க்யூட்” என்று கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். இரண்டு பேருமே பக்கத்தில் நிற்கிற ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை.

*

கேட்டால் என்ன ஆகும்? என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

‘லயன்ஹார்ட்’ விவகாரத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு பிப்பி கதைகளைப் படித்துக்கொண்டிருந்தோம். பிப்பியின் அப்பா சாகவில்லை. தென்கடல் தீவு ஒன்றில் ராஜாவாகிவிட்டார். கறுப்பின மக்கள் வாழும் தீவு. ஸ்வீடிஷ் மூலத்தில் அந்தப் பதவிக்கு இருந்த சொல் இன்று சொல்லக் கூசுகிற ஒன்று. 2015-இல் வந்த புதிய ஸ்வீடிஷ் பதிப்பில் அதை ‘தென்கடல் ராஜா’ என்று மாற்றினார்கள். அங்கே பெரிய சண்டை. “எங்கள் லிண்ட்கிரன்மேல் கை வைக்காதே” என்று கொதித்தவர்களில் கணிசமானோர் வளர்ந்த ஆட்கள்.

நான் இந்தச் சண்டையெல்லாம் படித்துத் தயாராக இருந்தேன். காலகட்டம், சூழல், ஆசிரியரின் நல்லெண்ணம் என்று ஒரு லெக்சரே மனதுக்குள் ஓடியது. தீவுப் பிள்ளைகள் பிப்பியின் முன்னால் மண்டியிடுவார்கள். அவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்து அவளும் தரையில் இறங்கித் தேட ஆரம்பிப்பாள். அந்தக் காட்சியைச் சொல்லி, பாருங்கள் பிப்பி அதிகாரத்தைக் கவிழ்க்கிறாள் என்று முடிப்பதாகத் திட்டம்.

அவள் கேட்டது வேறு. “அந்த ஊர்ல அத்தன பேரு இருக்காங்கள்ல. அவங்கள்ல ஒருத்தர் ஏன் ராஜா ஆகல?”

என் லெக்சர் அங்கேயே செத்தது. அந்தச் சண்டையில் நான் படித்தவை எல்லாம் ஒரு சொல்லைப் பற்றியவை. அவள் கேள்வி நாற்காலியைப் பற்றியது. சொல்லை மாற்றினாலும் நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் பிப்பியைத் தூக்கிப் போடவும் இல்லை. “சரி, குதிரை வர்ற எடத்தப் படிங்க” என்றாள். ஒரு எழுத்தாளரை நேசித்துக்கொண்டே அவர் தப்பு செய்த இடத்தில் நின்று கேள்வி கேட்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியாது. எங்களுக்கு எழுத்தாளரைக் காப்பாற்ற வேண்டும், அல்லது எரிக்க வேண்டும்.

*

இப்போது எதிர்த்தரப்பு. நியாயமான எதிர்ப்புகள் இரண்டு இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை.

முதலாவது: வளர்ந்தவன் ஏன் பிள்ளைகள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான்? தஸ்தயேவ்ஸ்கியைப் படி, புதுமைப்பித்தனைப் படி. இலக்கிய வட்டங்களில் இது நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. ஒரு சிரிப்பாக வரும். “ஓ, குழந்தைகள் இலக்கியமா? நல்லது, நல்லது” என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கடினமானதிலிருந்து ஓடி ஒளிய நம்மில் சிலர் இந்தப் புத்தகங்களைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அதற்கு மருந்து அந்தப் புத்தகங்களை ஒழுங்காகப் படிப்பது. சாகப்போகும் சிறுவன், அவனை விட்டுவிட்டு முதலில் செத்துப்போகும் அண்ணன், செத்த பிறகு போய்ச் சேரும் தேசத்திலும் ஒரு கொடுங்கோலன், அவன் கையில் கட்லா என்ற மிருகம், காட்டிக்கொடுப்பவர்கள், சுவருக்குப் பின்னே அடைபட்ட ஊர். இதில் ஒளிய இடம் எங்கே இருக்கிறது?

லிண்ட்கிரன் இந்த வேலியை மதித்ததும் இல்லை. 1976-இல், அறுபத்தெட்டு வயதில், தன் வருமானத்துக்கு 102 சதவீதம் வரி வருகிறது என்று கணக்குப் பார்த்தபோது அவர் அரசியல் கட்டுரை எழுதவில்லை. பொம்பெரிபோசா என்ற ஒரு கதைசொல்லியைப் பற்றிக் குழந்தைக் கதை நடையில் எழுதி நாளிதழில் போட்டார். நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் கேலியாகப் பதில் சொல்லிப் பார்த்தார். கணக்கு அந்த அம்மாளுடையதுதான் சரி என்று ஆனது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆட்சியிலிருந்த சமூக ஜனநாயகக் கட்சி அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் அவரே அந்தக் கட்சிக்கு வாக்களித்து வந்தவர். பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று அவர் இரண்டு நாக்கு வைத்திருக்கவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. ‘லயன்ஹார்ட்’ நாவலின் முடிவு. யோனத்தானின் உடல் கட்லாவின் தீயால் செயலிழந்துபோகிறது. இந்த முறை தம்பி அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு, இருட்டில், பள்ளத்தில் குதிக்க வேண்டும். அதற்கு அப்பால் இன்னொரு தேசம் இருப்பதாக நம்பிக்கை. 1973-இல் நாவல் வந்தபோதே பெரியவர்கள் கலங்கினார்கள். தற்கொலையை அழகாக்குகிறதா, சாவைத் தீர்வாகக் காட்டுகிறதா என்று கேட்டார்கள். இது முட்டாள்தனமான கேள்வி இல்லை. என் அக்காவும் இதைத்தான் கேட்டாள். “பத்து வயசுப் பொண்ணுக்கு இத ஏன்டா குடுத்த?”

அவளுக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அது நல்ல முடிவாகத்தான் தெரிகிறது என்று லிண்ட்கிரன் சொல்லிவந்தார். அந்த முடிவில் பிள்ளை பார்ப்பது பிரிந்துவிடாமல் இருப்பதை. நாம் பார்ப்பது பள்ளத்தை. இரண்டும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் ஒரு ஆள் மட்டும் படித்தால் போதாது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை பயந்தால் பெரியவர் அங்கே இருக்கிறார். பெரியவர் பயந்தால் பிள்ளை இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வயதிலும் இந்தப் புத்தகத்தைத் திணி என்று நான் சொல்லவில்லை. கொடுக்காமல் இருப்பது ஒரு முடிவு. அதற்குப் பொறுப்பேற்கலாம். கொடுத்துவிட்டு உள்ளே இருப்பதை மாற்றிச் சொல்வது ஏமாற்று.

என் தொழிலில் இதற்குச் சரியான உதாரணம் உண்டு. ஒரு புரோகிராம் அடிபடும்போது, காரணத்தைத் தேட நேரமில்லாதவன் செய்கிற வேலை, எரர் மெசேஜ் திரையில் வராமல் அடைத்துவிடுவது. எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். ஆறு மாதம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவன் அதற்கு விலை கொடுப்பான். எங்கள் வீட்டில் அப்பா இறந்த அன்று அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி டிவி போட்டுக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது தாத்தா இல்லை. “சாமிகிட்ட போயிட்டாரு” என்றோம். எரர் மெசேஜ் அடைக்கப்பட்டது. அந்த நாலு மாதமும் அவள் தாத்தா பேச்சையே எடுக்கவில்லை. “புள்ள எவ்ளோ தைரியமா இருக்கு பாரு” என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

*

பெரியவரும் பிள்ளையும் ஒரு எழுத்தைச் சுற்றி உட்கார்வது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு லிண்ட்கிரனே ஒரு மாதிரி விட்டுப் போயிருக்கிறார்.

உலகம் முழுக்க இருந்து அவருக்கு வந்த கடிதங்கள் சுமார் 75,000. அவை சுவீடனின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பிறர் கடிதங்களை ரகசியமாகப் பிரித்துச் சம்பாதித்தவருக்கு, பிள்ளைகள் தாமாகவே இவ்வளவு கடிதம் எழுதினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு மாதிரி நிம்மதி வரும். அவற்றில் ஒன்று 1971-இல் சாரா என்ற பன்னிரண்டு வயதுப் பெண் எழுதியது. நடிக்க வேண்டும், வாய்ப்பு வாங்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தாள். கூடவே அப்போது வந்த பிப்பி படத்தில் நடித்த பிள்ளைகளைக் குறை சொல்லியிருந்தாள். லிண்ட்கிரனுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. உலகப் புகழ். அச்சடித்த வாழ்த்து அட்டை ஒன்றை அனுப்பியிருக்கலாம். அவர் அனுப்பியதோ கண்டித்து எழுதிய கடிதம். சாரா வெட்கம் தாங்காமல் அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாள். ஆனால் மறுபடியும் எழுதினாள். லிண்ட்கிரனும் எழுதினார். வீடு, பள்ளி, தனிமை, நம்பிக்கையின்மை என்று அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் வருடக்கணக்கில் நீண்டு, 2012-இல் புத்தகமாகவும் வந்தன.

அந்த முதல் கடிதத்தைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அதில் இருப்பது மரியாதை. நீ சொன்னதைக் காதில் வாங்கினேன், அதில் ஒரு பகுதி தப்பு என்று நினைக்கிறேன், அதை உன்னிடம் சொல்லும் அளவுக்கு உன்னை ஒரு ஆளாக மதிக்கிறேன். நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது கொஞ்சல் அல்லது அதட்டல். பதில் கொடுப்பதில்லை.

1978-இல் பிராங்க்பர்ட்டில் ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசை வாங்கியபோது அவர் ஒரு கதை சொன்னார். மகனை அடிக்க முடிவு செய்த ஒரு இளம் தாய், அதற்கான குச்சியை அவனையே தேடி எடுத்துவரச் சொல்கிறாள். பையன் வெகுநேரம் கழித்து அழுதுகொண்டே வருகிறான். குச்சி கிடைக்கவில்லை, இந்தக் கல்லை வேண்டுமானால் என்மேல் எறி என்று நீட்டுகிறான். அம்மாவுக்கு என்னை வலிக்கவைக்க வேண்டும், அதற்குக் கல் போதுமே என்பது அவன் கணக்கு. அந்தத் தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். கல்லைச் சமையலறை அலமாரியில் எடுத்து வைக்கிறாள், ஞாபகத்துக்கு. அடுத்த வருடம், 1979-இல், பிள்ளைகளை வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்ட முதல் நாடானது சுவீடன்.

அந்தக் கதையில் தாய் புதிதாக எதையும் கற்கவில்லை. ஒரு நிமிடம் பையன் நின்ற இடத்தில் நின்று தன்னைப் பார்த்தாள். சேர்ந்து படிப்பது என்று நான் சொல்வது அதைத்தான். அந்தக் கல் என் விஷயத்தில் ஒரு போன் அழைப்பாக வந்தது.

ஆகவே என் கூட்டத்தாருக்குச் சொல்கிறேன். உங்கள் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். புத்தகத்தில் சட்னிக் கறை படியட்டும். கதை முடிந்ததும் “இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுகிட்ட?” என்று கேட்கும் அந்தப் பரீட்சைக் கேள்வியை ஒழியுங்கள். அதைக் கேட்ட கணமே புத்தகம் பாடப்புத்தகம் ஆகிவிடும். உங்கள் சின்ன வயதில் அது எப்படி இருந்தது என்று சொல்லாதீர்கள், கேட்டால் ஒழிய. பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்றால் துக்கம் கொண்டாடாதீர்கள். முக்கியமாக, உங்களுக்குப் பயமாக இருக்கிற பக்கம் வரும்போது, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

*

அடுத்த முறை ஊருக்குப் போனபோது முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை அவள் ஆங்கிலத்தில் வாசித்தாள், நான் தெரியாத வார்த்தைக்கு மட்டும். தீப்பிடிக்கும் இடம் வந்தது. யோனத்தான் குதித்தான், செத்தான். அவள் நிறுத்தினாள்.

“தாத்தாவுக்கு வலிச்சுதா?”

வாய் பழைய வேலைக்குத் தயாரானது எனக்கே தெரிந்தது. “எனக்கு முழுசாத் தெரியலம்மா” என்றேன். “மொதல்ல வலிச்சுது. கடைசி ரெண்டு நாள் மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருந்தாங்க. அப்ப வலிச்ச மாதிரி தெரியல.”

“நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“என்னையும் கூப்ட்ருக்கலாம்ல.”

“கூப்ட்ருக்கணும். தப்புப் பண்ணிட்டோம்.”

அவள் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லலாமா என்று அவள் பக்கம் சாய்ந்தேன். அவள் முழங்கையால் மெல்ல இடித்தாள்.

“மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க.”

தள்ளி உட்கார்ந்தேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.